மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் கதை

இங்கிலாந்தில் ஒருவர். அவர் அசைந்தால் போதும், "கிரீச், கிரீச்" என்று சத்தம் கேட்கும்.

சத்தம் நாற்காலியில் இருந்து வரவில்லை. கதவில் இருந்தும் வரவில்லை. அவருடைய இடுப்பில் இருந்து வந்தது!

அவருடைய மனைவியால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. கணவர் இருக்கும் அறையில் இருப்பதையே அவர் தவிர்த்தார்.

இது நடந்தது 1950-களில். அந்த மனிதரின் இடுப்பு எலும்பு கெட்டுப் போய் இருந்தது. டாக்டர்கள் எலும்பின் நுனியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கால் ஆன ஓர் உருண்டையைப் பொருத்தி இருந்தார்கள். பாரீஸ் நகரில் ஜூடே என்ற சகோதரர்கள் கண்டுபிடித்த முறை அது. அந்த உருண்டைதான் "கிரீச்" என்று கத்தியது!

இந்த நோயாளியின் குறையை ஒரு டாக்டர் காது கொடுத்துக் கேட்டார். அவர் பெயர் ஜான் சார்ன்லி. மான்செஸ்டர் நகரில் எலும்பு வைத்தியம் பார்த்தவர்.

"சத்தம் வருகிறது என்றால், அங்கே உராய்வு இருக்கிறது. உராய்வு இருந்தால் பொருத்திய மூட்டு ஆடும், கழன்றுபோகும்" என்று அவர் நினைத்தார்.

இன்று உலகம் எங்கும் லட்சக்கணக்கானவர்கள் மூட்டை மாற்றிக்கொண்டு நடக்கிறார்கள். அதற்கு ஒரு நோயாளியின் புகாரும் காரணம்!

கிண்ணத்தில் பந்து

நம் இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது தெரியுமா? ஒரு கிண்ணத்துக்குள் ஒரு பந்து. அவ்வளவுதான். தொடை எலும்பின் மேல் நுனி பந்து மாதிரி இருக்கிறது. இடுப்பு எலும்பில் உள்ள குழி கிண்ணம் மாதிரி இருக்கிறது.

இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு மூடி இருக்கிறது. நடுவே எண்ணெய் போல ஒரு நீர் சுரக்கிறது. அதனால்தான் உட்காருகிறோம், எழுகிறோம், ஓடுகிறோம். ஒரு சத்தமும் வருவது இல்லை.

குருத்தெலும்பு தேய்ந்து போனால் வந்தது வினை! எலும்போடு எலும்பு உரசும். நடந்தால் வலி. நின்றால் வலி. பிறகு படுத்தாலும் வலி. முழங்காலிலும் இப்படித்தான்.

மாத்திரை, உடற்பயிற்சி, உடல் எடையைக் குறைப்பது, ஊசி என்று பல வழிகள் இருக்கின்றன. இவை எதற்கும் வலி அடங்காதபோதுதான் மூட்டு மாற்று ஆபரேசன்.

அடுக்களைப் பிளாஸ்டிக்

லங்காஷயர் பகுதியில் ரைட்டிங்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே காசநோய் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கேதான் சார்ன்லி தன் வேலையைத் தொடங்கினார்.

உருண்டையை எவர்சில்வரில் செய்தார். கிண்ணத்தைப் பிளாஸ்டிக்கில் செய்தார். இரண்டையும் எலும்போடு ஒட்ட வைக்க ஒரு சிமெண்டு. அது பல் டாக்டர்கள் பயன்படுத்தும் பொருள் வகையைச் சேர்ந்தது.

கிண்ணத்துக்கு அவர் எடுத்த பிளாஸ்டிக்கின் பெயர் டெஃப்லான். இன்று ஒட்டாத தோசைக்கல்லில் பூசி இருக்கிறார்களே, அதேதான். அது வழவழப்பானது. உராய்வு மிகக் குறைவு.

1958-ல் ஆபரேசன் தொடங்கியது. நோயாளிகளுக்கு ஒரே மகிழ்ச்சி! வலியால் தூங்காதவர்கள் தூங்கினார்கள். நாற்காலியிலேயே கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். டாக்டரை வாழ்த்தினார்கள்.

ஆனால் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை.

இரண்டு, மூன்று வருடங்களில் மறுபடியும் வலி வந்தது. டெஃப்லான் கிண்ணம் தேய்ந்து போனது. தேய்ந்த தூள் சுற்றி உள்ள சதையில் சேர்ந்தது. சதை வீங்கியது. எலும்பு கெட்டது. பொருத்திய மூட்டு ஆட்டம் கண்டது.

சுமார் 300 பேருக்கு அந்தக் கிண்ணம் வைக்கப்பட்டு இருந்தது!

தன் தொடையில் சோதனை

சார்ன்லி ஓடி ஒளியவில்லை. பழியை நோயாளிகள் மேல் போடவும் இல்லை. கெட்டுப்போன மூட்டுகளுக்கு மறுபடியும் ஆபரேசன் செய்யும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார்.

இன்னொன்றும் செய்தார். டெஃப்லான் தூளைத் தன் தொடையிலேயே வைத்துக்கொண்டார்! மாதங்கள் கடந்தன. தூள் இருந்த இடத்தில் கட்டி வளர்ந்தது. அதைத் தொட்டு உணர முடிந்தது. நோயாளிகளின் உடம்பில் என்ன நடந்தது என்பது தெளிவானது. அதை 1963-ல் மருத்துவப் பத்திரிகையில் எழுதி, எல்லா டாக்டர்களையும் எச்சரித்தார்.

தறியில் இருந்து வந்தது

இதற்கு இடையே 1962-ல் ஒரு வியாபாரி ரைட்டிங்டன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். லங்காஷயர் நெசவு ஆலைகளில் தறிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் ஒரு புதுப் பிளாஸ்டிக்கை அவர் விற்றுவந்தார்.

சார்ன்லி அதைக் கையில் வாங்கினார். கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் பதிந்தது. "இது உதவாது" என்று போய்விட்டார்.

ஆஸ்பத்திரிப் பட்டறையில் வேலை பார்த்தவர் ஹாரி கிரேவன். அவர் அந்தத் துண்டைத் தூக்கி எறியவில்லை. தேய்மானம் பார்க்கும் எந்திரத்தில் மாட்டினார். எந்திரம் இரவும் பகலும் மூன்று வாரம் ஓடியது. டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்குக்கூட இந்தப் பிளாஸ்டிக் மூன்று வாரத்தில் தேயவில்லை!

வெளியூர் சென்று திரும்பிய சார்ன்லியிடம் கிரேவன் இதைக் காட்டினார். அவர் அசந்துபோனார்.

1962 நவம்பரில் புதுக் கிண்ணம் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. ஆனால் ஒருமுறை சூடுபட்ட சார்ன்லி அவசரப்படவில்லை. தன் நோயாளிகளை வருடக்கணக்கில் வரவழைத்துப் பார்த்தார். தன்னிடம் வந்து பழகிய டாக்டர்களுக்கு மட்டுமே அந்த மூட்டைக் கொடுக்கச் சொன்னார்.

நோயாளிகளிடம் ஒரு வேண்டுகோளும் விடுத்தார். "நீங்கள் வாழ்ந்து முடித்தபின், மூட்டை எங்களுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும்" என்றார். எவ்வளவு தேய்ந்து இருக்கிறது என்று பார்ப்பதற்காக! கேட்டால் கோபம் வரும் அல்லவா? வரவில்லை. பலர் சம்மதித்தார்கள்.

காரணம் என்ன? தங்களைக் கைவிடாத டாக்டர் என்ற நம்பிக்கை!

1977-ல் அவருக்கு "சர்" பட்டம் கிடைத்தது. 1982-ல் அவர் இறந்தார்.

அன்று படுக்கை, இன்று நடை

அந்தக் காலத்தில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர்கள் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கால்களை அகட்டி வைத்து, நடுவே தலையணையை வைத்துக் கட்டுவார்கள். மல்லாந்தே படுத்து இருக்கவேண்டும்.

இன்று என்ன நடக்கிறது? காலையில் ஆபரேசன். மாலையில் நர்சு வருகிறார். "எழுந்திருங்கள், நடக்கலாம்" என்கிறார்!

நோயாளிகள் பயந்து போகிறார்கள். "இன்றைக்கே நடப்பதா? தையல் பிரிந்துவிடாதா? மூட்டு கழன்றுவிடாதா?" என்று கேட்கிறார்கள்.

பயம் வேண்டாம். புது மூட்டு அன்றே உடல் பாரத்தைத் தாங்கும்படிதான் பெரும்பாலும் பொருத்தப்படுகிறது. படுத்தே இருப்பதில்தான் ஆபத்து. காலில் ரத்தம் உறையலாம். உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான், "பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள்" என்று நர்சு நச்சரிக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்தும் கொடுக்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் டென்மார்க் டாக்டர் ஹென்ரிக் கேலெட். "இந்த நோயாளி இன்றைக்கும் ஏன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்?" என்று அவர் கேட்டார். வலியா? மயக்கமா? வாந்தியா? பயமா? ஒவ்வொரு காரணத்தையும் கண்டுபிடித்து நீக்கினால், நோயாளி சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று 1990-களில் காட்டினார்.

அவர் வழியில் முதல் மருந்து எது தெரியுமா? மாத்திரை அல்ல. பேச்சு! என்ன நடக்கப்போகிறது என்று நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது.

ஆபரேசனுக்கு முன்

பல நாடுகளில் இதற்கென்றே ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். நோயாளியும் வருவார். வீட்டில் கவனித்துக்கொள்ளப் போகிறவரும் வருவார். மூட்டைக் கையில் கொடுத்துக் காட்டுவார்கள். கைத்தடி பிடித்து நடக்கச் சொல்லிக் கொடுப்பார்கள்.

மாடிப்படிக்கு ஒரு பாடம் உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேசன் செய்த கால் முதலில். இதை முன்பே பழகியவர் பிறகு தடுமாறுவது இல்லை.

ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பார்கள். பல்லில் சீழ் இருக்கிறதா, தோலில் புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "முழங்காலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் சிரிப்பார்கள். சம்பந்தம் உண்டு. பல்லில் உள்ள கிருமி ரத்தத்தின் வழியாகப் புது மூட்டுக்குப் போய்விடக் கூடும்.

பீடி, சிகரெட்டை நிறுத்தச் சொல்வார்கள். புகை பிடிப்பவருக்குப் புண் ஆறத் தாமதம் ஆகும்.

"எந்தக் கால்?"

ஆபரேசன் அன்று நோயாளிக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "உங்கள் பெயர் என்ன? எந்தக் கால்?"

நர்சு கேட்பார். மயக்க டாக்டர் கேட்பார். ஆபரேசன் டாக்டரும் கேட்பார். காலில் மையால் அடையாளம் போடுவார்.

"இவர்களுக்கே தெரியாதா?" என்று நோயாளிக்குச் சந்தேகம் வரும். தெரியும்! ஆனாலும் கேட்கவேண்டும். ஆள் மாறக்கூடாது. கால் மாறக்கூடாது. இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது.

பலருக்கு முதுகில் ஊசி போடுவார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும். வலி தெரியாது. ஆனால் காது கேட்கும்! சுத்தியல் சத்தம் கேட்கும். ரம்பம் ஓடும் சத்தம் கேட்கும். "தச்சுப் பட்டறையில் படுத்து இருந்த மாதிரி இருந்தது" என்று வேடிக்கையாகச் சொல்பவர்கள் உண்டு. முன்பே தெரியாதவர் மிரண்டுபோகிறார்.

சத்தம் பிடிக்காதவர் முதலிலேயே சொல்லலாம். தூங்க மருந்து கொடுப்பார்கள். பாட்டுக் கேட்கவும் சில இடங்களில் வழி செய்கிறார்கள்.

முதல் சில வாரங்கள்

கஷ்டமான நேரம் எது? ஆபரேசன் நேரம் அல்ல. அதற்குப் பிறகு வரும் நாட்கள்தான்.

முழங்கால் என்றால் வலி கொஞ்சம் அதிகம். கால் வீங்கும். தோல் கன்றிப்போய் நீலம் பூக்கும். தழும்புக்குப் பக்கத்தில் தொட்டால் உணர்ச்சி இருக்காது. நடக்கும்போது "கிளிக்" என்று சத்தம் வரலாம். இவை எல்லாம் வழக்கமாக வருவதுதான். ஆனால் யாரும் சொல்லாவிட்டால், "ஆபரேசன் கெட்டுப்போயிற்றோ!" என்று மனம் தவிக்கும்.

இரவு தூக்கம் வராது. பலருக்கு இது வாரக்கணக்கில் இருக்கிறது. "சும்மா இருந்த காலைக் கெடுத்துக்கொண்டோமே" என்று அழுபவர்களும் உண்டு. அவர்களே சில மாதம் கழித்து, "இதை முன்பே செய்திருக்கலாம்" என்று சொல்வதும் உண்டு!

வலிக்கிறது என்று காலை மடக்காமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். பயிற்சி செய்யத்தான் வேண்டும். மாத்திரையைச் சாப்பிட்டு, வலி அடங்கிய பிறகு பயிற்சி செய்வது சுலபம்.

ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கக்கூடாது. புண்ணில் நீர் அல்லது சீழ் வடிவது, காய்ச்சல், கெண்டைக்காலில் திடீர் வலியும் வீக்கமும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். இவை வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பிரதமரின் முழங்கால்

நம் நாட்டில் இந்த ஆபரேசனைப் பட்டிதொட்டி எங்கும் பேசவைத்தவர் அடல் பிகாரி வாஜ்பாய். பிரதமராக இருந்தபோதே இரண்டு முழங்காலையும் மாற்றிக்கொண்டார்!

2000 அக்டோபரில் இடது கால். 2001 ஜூனில் வலது கால். மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில், நியூயார்க்கில் இருந்து வந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத் ஆபரேசன் செய்தார். முதல் ஆபரேசனின்போது பிரதமருக்கு வயது 75.

இதைவிட ஆச்சரியம், இங்கிலாந்து ராஜமாதா எலிசபெத். அவர் 1995-ல் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டபோது வயது 95!

பணம் உள்ளவர்களுக்கு மட்டும்தானா இது? அப்படித்தான் இருந்தது. நம் நாட்டில் சாதாரண உலோக முழங்கால் மூட்டு சராசரியாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் அதற்கு உச்ச விலை வைத்தது. அந்த விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாய். இது மூட்டின் விலை மட்டும்தான். ஆஸ்பத்திரிச் செலவு வேறு.

ஐந்தில் ஒருவர்

மாற்றிய மூட்டு எத்தனை நாள் உழைக்கும்? பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்து 2019-ல் ஆராய்ந்தார்கள். 100 முழங்கால் மூட்டுகளில் சுமார் 82, இருபத்தைந்து வருடம் உழைக்கின்றன. இடுப்பு மூட்டில் அது சுமார் 58.

மூட்டு உழைக்கிறது, சரி. நோயாளிக்குத் திருப்தியா?

கனடாவில் முழங்கால் மாற்றிக்கொண்ட 1,703 பேரைக் கேட்டார்கள். 2010-ல் விடை வெளிவந்தது. ஐந்தில் நான்கு பேர் "திருப்தி" என்றார்கள். ஐந்தில் ஒருவர் "இல்லை" என்றார்.

ஏன் இல்லை? நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று! இதுதான் மிகப் பெரிய காரணம். பதினெட்டு வயதுக் கால் திரும்பிவரும் என்று எண்ணியவர் ஏமாந்து போனார். வலி குறைந்தால் போதும் என்று எண்ணியவர் மகிழ்ந்தார்.

நம் ஊரில் இதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். நாம் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறோம். கோலம் போடக் குந்துகிறோம். கழிப்பறையில் குந்துகிறோம். மாற்றிய முழங்கால் பெரும்பாலும் 110 முதல் 120 டிகிரி வரைதான் மடங்குகிறது. குந்துவதற்கு அது போதாது. பல டாக்டர்கள் குந்தவேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

ஆகவே ஆபரேசனுக்கு முன்பே வீட்டைத் தயார் செய்யவேண்டும். உட்காரும் கழிப்பறை வேண்டும். உயரமான நாற்காலி வேண்டும். கால் தடுக்கும் மிதியடியை எடுத்துவிடவேண்டும். பூசை அறையில் ஒரு முக்காலி போடவேண்டும். இதைச் சொல்லாமல் ஆபரேசன் செய்தால், மூட்டு நன்றாக இருக்கும்; மனம் நன்றாக இருக்காது.

நோயாளியைக் கேள்!

முன்பு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, "ஆபரேசன் வெற்றி" என்று டாக்டர் சொல்வார். இப்போது அது மட்டும் போதாது என்று ஆகிவிட்டது.

ஆக்ஸ்போர்டு டாக்டர்கள் 1990-களில் 12 கேள்விகளைத் தயாரித்தார்கள். எல்லாம் சாதாரணக் கேள்விகள். நீங்களே குளித்துத் துவட்டிக்கொள்ள முடிகிறதா? தனியாகக் கடைக்குப் போய்வர முடிகிறதா? படி இறங்க முடிகிறதா? இரவில் படுக்கையில் வலிக்கிறதா?

இங்கிலாந்தில் 2009 முதல் அரசு செலவில் மூட்டு மாற்றிக்கொள்பவர்களிடம் ஆபரேசனுக்கு முன்னும் பின்னும் இப்படிக் கேட்டு எழுதி வைக்கத் தொடங்கினார்கள்.

நம் நோயாளிகளும் டாக்டரிடம் கேட்கலாம். எனக்கு இப்போதே ஆபரேசன் தேவையா, வேறு வழி உண்டா? ஆபரேசனுக்குப் பிறகு நான் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது? வலி எத்தனை நாள் இருக்கும்? வீட்டில் யார் பயிற்சி சொல்லித் தருவார்? இரவில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். "டாக்டரை எப்படிக் கேட்பது?" என்று கூச்சப்படவேண்டாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். உட்கார வைத்து விடை சொல்வார்.

ஆபரேசன் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அந்தக் காலோடு வாழப்போகிறவர் நோயாளி. கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.